முதுமையில் எழுந்த பாட்டும் கேட்டோர் தீர்ப்பும்

ஒரு துறையிற் பெரும்பெயர் பெற்ற ஒருவர், நெடுநாள் சோர்ந்திருந்து, முதுமையின் வாயிலில் நின்று மீண்டும் ஒரு புதிய ஆக்கத்தை வெளியிடுவாராயின், உலகம் அதனை எவ்வாறு ஏற்றுக்கொள்கின்றது என்பது ஆராய்தற்குரிய விஷயமாகும். பழைய கீர்த்தியை நினைந்து கைதட்டுவார் சிலர். அதே கீர்த்தியை அளவுகோலாகக் கொண்டு, இப்பொழுது செய்தது அதற்கு ஈடாகுமோ என்று உதட்டைப் பிதுக்குவார் வேறு சிலர். இவ்விரு திறத்தாரும் எதிரே நிற்கும் பொருளை நோக்குவாரல்லர். முன்னொருகால் இருந்த பொருளை நோக்குவார். எதிரே நிற்பதனையே நோக்குவோர் எக்காலத்தும் மிகச் சிலரே. இவ்வுண்மையை விளக்குதற்கு மேனாட்டு இசையுலகினின்றும் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பாப் டிலன் என்னும் அமெரிக்கப் பாடகர் 1997-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 30-ஆம் தேதி வெளியிட்ட ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’ என்னும் ஆல்பமே அது. ‘நினைவுக்கெட்டாத காலம்’ என்று அப்பெயருக்குப் பொருள் கூறலாம். பல பாட்டுக்களை ஒருங்கு தொகுத்து வெளியிடுவதை ஆல்பம் என்பர். ஈண்டு அதனை இசைக்கோவை என்று வழங்குவாம்.

ராக் என்னும் இசையின் பிறப்பைச் சிறிது அறிந்தாலன்றி இவ்விஷயத்தின் அருமை புலப்படாது. அமெரிக்க நீக்ரோ மக்களின் துயரப் பாட்டாகிய புளூஸும், தென்னாட்டு வெள்ளையரின் கிராமியப் பாட்டும் கலந்து, மின்விசைக் கித்தாரும் டிரம்மும் துணையாக 1950-களிற் பிறந்தது ராக் இசை. அதனை முதலிற் பாடியோருட் பெரும்பாலார் இருபது பிராயத்தை அடுத்த வாலிபர். கேட்டோர் அவரினும் இளையோர். புளூஸ் பாடுவோனுக்குத் தலை நரைத்தால் அவன் பாட்டுக்கு மதிப்பு ஏறுமேயன்றிக் குறையாது. துன்பத்தைப் பாடுவோன் துன்பத்தைக் கண்டவனாக இருத்தல் வேண்டுமென்று கேட்போர் எதிர்பார்ப்பர். ராக் பாடுவோனுக்கு அச்சலுகை கிடைப்பதில்லை. அவன் ஐம்பதாம் வயதிலும் இருபது வயதினனைப்போற் குதித்தல் வேண்டும், குதித்தால் நகைப்பர், குதியாவிட்டால் ஓய்ந்தான் என்பர். 1990-களில் ராக் இசையின் முன்னோடிகள் ஐம்பதைக் கடந்து கொண்டிருந்தனர். அவ்வயதில் அவ்விசையை எவ்வாறு பாடுவது என்பதற்குப் பின்பற்றத்தக்க வழி அவர்களுக்கு முன்னே அதிகமாக இல்லை.

டிலன் 1941-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் தேதி மினசோட்டா மாகாணத்து டுலூத் நகரிற் பிறந்தவர். 1962-இல் அவரது முதல் இசைக்கோவை வெளியாயிற்று. அக்காலத்தில் அவர் கையில் ஒரு மரக்கித்தாரும் வாயருகே ஒரு ஹார்மோனிக்காவும் உடையவராய், சமூக நீதியைப் பற்றிப் பாடும் இளம்பாணராக விளங்கினார். கேட்போரின் கடுந்தீர்ப்பு அவருக்கு இளமையிலேயே பழகிய பொருள். 1965-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் மின்விசைக் கித்தாருடன் மேடையேறியபோது கூட்டத்திற் பலர் கூச்சலிட்டனர். அடுத்த ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து மண்டபம் ஒன்றில் இருந்தவர் ஒருவர் அவரை நோக்கி ‘யூதாஸ்’ என்று உரக்கக் கூவினார். தம் அன்பரை முப்பது வெள்ளிக்குக் காட்டிக்கொடுத்தவன் பெயரை, மின்விசைக் கருவி ஒன்றைக் கையில் எடுத்த குற்றத்திற்காக ஒருவருக்குச் சூட்டினர் என்றால், இசையைக் கேட்போர் எத்துணை உரிமை பாராட்டுவர் என்பது விளங்கும். அப்பாட்டுக்களே இன்று அவருடைய தலைசிறந்த பாட்டுக்களாகக் கொண்டாடப்படுகின்றன.

பின்னர் வந்த தளர்ச்சியை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1986-இலும் 1988-இலும் அவர் வெளியிட்ட இசைக்கோவைகளை அவருடைய மெய்யன்பர்களே காக்கத் துணிவதில்லை. 1989-இல் டேனியல் லான்வா என்னும் கனடா நாட்டுத் தயாரிப்பாளருடன் நியூ ஆர்லியன்ஸ் நகரிற் செய்த ஒன்று நன்கு பாராட்டப்பெற்றது. ஆயினும் 1990-இல் வந்தது மீண்டும் ஏமாற்றம் அளித்தது. 1991-இல் அவருக்கு வாழ்நாட் சாதனைக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. இத்தகைய விருதுகள், இனி இவரிடமிருந்து ஒன்றும் வராது என்று உலகம் மரியாதையுடன் தெரிவிக்கும் முறை என்றே எமக்குத் தோன்றுகின்றது. அதற்கேற்ப, 1992-இலும் 1993-இலும் வந்த இரண்டு இசைக்கோவைகளிலும் அவர் தாமே இயற்றிய பாட்டு ஒன்றுமில்லை. பழைய நாட்டுப்பாடல்களையும் புளூஸ் பாட்டுக்களையும் ஒற்றைக் கித்தாருடன் தனித்திருந்து பாடினார். 1988 முதல் ஆண்டுதோறும் ஏறக்குறைய நூறு கச்சேரிகள் செய்து ஊர் ஊராய்ச் சென்றுகொண்டிருந்தவர் ஆதலின், மறைந்து வாழ்ந்தவர் என்று அவரைக் கூறல் தகாது. மேடையில் ஆள் இருந்தார். புதிய பாட்டு இல்லை. ஏழாண்டுகள் இந்நிலை நீடித்தது.

1997-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பிளாரிடா மாகாணத்து மயாமி நகரில் உள்ள கிரைட்டீரியா என்னும் ஒலிப்பதிவு நிலையத்தில், லான்வாவை மீண்டும் தயாரிப்பாளராகக் கொண்டு, டிலன் தம் புதிய பாட்டுக்களைப் பதிவு செய்தார். மெம்பிஸ் நகரத்து ஜிம் டிக்கின்சன், டெக்ஸாஸ் மாகாணத்து ஆகி மேயர்ஸ் முதலிய கைதேர்ந்த வாத்தியக்காரர் ஒரே அறையிற் கூடினர். டிரம் வாசிப்போரே இருவர் ஒருங்கிருந்து வாசித்ததுமுண்டு. எல்லாரும் ஒரே வேளையில் வாசிக்க, பாடுவோரும் உடன் பாட, அறையின் எதிரொலியும் சேர்ந்து பதிவாயிற்று. பழைய இசைத்தட்டுக்களிற் கேட்கும் ஆழமும் இருளும் இப்பதிவிலும் வரவேண்டுமென்பது இருவருக்கும் பொதுவான எண்ணம். அவ்வெண்ணத்தை நிறைவேற்றும் வழியிலேதான் வேற்றுமை. லான்வா ஒலிகளை மூடுபனிபோற் படரவிட விரும்பினார். முதற்பாட்டாகிய ‘லவ் சிக்’ என்பதிற் குரலே ஒரு சிறிய ஒலிபெருக்கியின் வழியாக வருவது போன்று கரகரத்து ஒலிக்கின்றது. டிலனோ சில பாட்டுக்களில் வேறு நடை வேண்டினார். ‘மிஸிஸிப்பி’ என்னும் பாட்டைப் பற்றிய கருத்து வேற்றுமை தீராமையால் அப்பாட்டே விடப்பட்டது. அதனை ஷெரில் க்ரோ என்னும் பாடகி 1998-இற் பாடி வெளியிட்டார். 2001-இல் டிலன் தாமே மீண்டும் பதிவு செய்தார்.

பதிவு முடிந்து நான்கு திங்கள் கழிந்தபின், மே மாத இறுதியில், டிலன் கடும் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்டார். அவருக்கு ஐம்பத்தாறு வயது நிரம்பிய சமயம் அது. பறவைகளின் எச்சமும் வௌவாலின் எச்சமும் கலந்த மண்ணில் வளரும் ஒருவகைப் பூசணத்தின் நுண்வித்துக்கள் மூச்சின் வழியே நுரையீரலை அடைந்து, ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். மிஸிஸிப்பி, ஓஹையோ என்னும் ஆறுகளின் பள்ளத்தாக்குகளில் இது மிகுதி. பெரும்பாலோர்க்கு இந்நோய் வந்ததே தெரியாமற் போய்விடும். டிலனுக்கோ இருதயத்தை மூடிய உறையிலே வீக்கங் கண்டது. ஐரோப்பியப் பிரயாணம் நிறுத்தப்பட்டது. சாகக் கிடக்கிறார் என்ற வதந்தி உலகெங்கும் பரவிற்று. ஆயினும் ஆகஸ்டு மாதமே மேடைக்குத் திரும்பினார். செப்டம்பர் 27-ஆம் தேதி இத்தாலி தேசத்துப் பொலோஞா நகரில், போப் இரண்டாம் ஜான் பால் முன்னிலையில், பெருந்திரளான வாலிபர் கூட்டத்தில் பாடினார். போப் அவர்கள் டிலனின் இளமைக்காலத்துப் பாட்டொன்றையே தம் பிரசங்கத்துக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். இத்தகைய பாடகர் அம்மேடையில் ஏறுவது தக்கதோ என்று அப்பொழுது கார்டினலாக இருந்த ராட்ஸிங்கர் ஐயுற்றார் என்பது, அவர் தாமே போப் ஆனபின் 2007-இல் வெளிவந்த அவரது நூலால் அறியப்படுகின்றது. பொலோஞாவிற் பாடிய மூன்றாம் நாள் இசைக்கோவை வெளியாயிற்று.

இந்நிகழ்ச்சிகளை வரிசையாகக் கூறியதற்குக் காரணம் உண்டு. இசைக்கோவையை வாங்கிக் கேட்டவருள் ஏறக்குறைய எல்லாரும் இச்செய்திகளை அறிந்த பின்னரே கேட்டனர். பதினொரு பாட்டுக்கள், ஏறக்குறைய எழுபத்துமூன்று நிமிஷம், முதல் முதல் இறுதிவரை பிரிவும் களைப்பும் நடந்து தீராத வழியுமே பொருள். நடுவில் நிற்கும் ‘நாட் டார்க் யெட்’ என்னும் பாட்டில், அந்தி சாய்ந்து இருள் இன்னும் முற்றாத ஒரு வேளையை அவர் மெல்லப் பாடுகிறார். இதனைக் கேட்டோர் என் நினைப்பர்? மரணத்தின் வாயிலைத் தொட்டு மீண்ட ஒருவர் அங்குக் கண்டதைப் பாடுகின்றார் என்றே நினைத்தனர். மதிப்புரை எழுதியோர் பலரும் அவ்வாறே எழுதினர். ‘வில்லேஜ் வாய்ஸ்’ பத்திரிகை ஆண்டுதோறும் விமரிசகரிடம் வாக்கெடுத்து வெளியிட்டுவந்த பட்டியலில் அவ்வாண்டின் முதலிடம் இதற்கே கிடைத்தது. அமெரிக்க விற்பனை வரிசையிற் பத்தாம் இடம் வரை ஏறிற்று. டிலனுக்கு நெடுநாளாகக் கிட்டாத உயரம் அது.

ஆனால் ஜனவரி மேக்கு முந்தியது. பாட்டுக்கள் யாவும் நோய் வருவதற்கு முன்னரே எழுதிப் பாடி முடிக்கப்பட்டவை. நோய்ப்படுக்கையினின்றும் எழுந்து இவற்றை ஒருவர் எழுதினார் என்பது நாட்காட்டியை நோக்காதார் கூற்று. டிலனும் தம் பாட்டுக்களை நோயோடு சேர்த்துப் பேசுவதை விரும்பினாரல்லர். எனினும், இவ்வுண்மையை அறிந்தபின்பும் அப்பாட்டின் கனம் குறைந்துவிடவில்லை என்பதே வியப்பு. ஐம்பத்தைந்து வயதினர் ஒருவர், தேகம் நல்ல நிலையில் இருக்கும்போதே, அந்தியைக் கண்டு பாடினார் என்றால், நோயாளி பாடினார் என்பதனினும் அது பெரிதன்றோ? நோயாளிக்கு நோய் அறிவிக்கும். மற்றவர்க்குத் தாமே நோக்கினாலன்றித் தெரியாது. நோயின் கதையைச் சேர்த்துப் புகழ்ந்தவர்கள், அவரை அறியாமலே, அவருக்குரிய புகழிற் பாதியை ஒரு பூசணத்துக்குக் கொடுத்துவிட்டனர்.

கேட்போர் செவியை நிகழ்ச்சிகள் மாற்றுவது இவ்விடத்து மாத்திரம் அன்று. ஜான் லெனன் ஐந்தாண்டு மௌனத்துக்குப் பின் தம் மனைவி யோகோ ஓனோவுடன் 1980-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 17-ஆம் தேதி ‘டபிள் ஃபாண்டஸி’ என்னும் இசைக்கோவையை வெளியிட்டார். முதலில் வந்த மதிப்புரைகளுட் பல குளிர்ந்தே இருந்தன. இல்லறத்தின் இன்பத்தைப் பாடும் இவர்க்குப் பழைய வேகம் எங்கே என்றனர். மூன்று வாரங் கழித்து, டிசம்பர் 8-ஆம் தேதி இரவு, நியூயார்க்கில் தம் வீட்டு வாயிலிலே அவர் சுடப்பட்டு இறந்தார். அதன்பின் அவ்விசைக்கோவையைக் குறை கூறத் துணிந்தவர் மிக அரியர். 1982-இல் அதற்கே ஆண்டின் சிறந்த இசைக்கோவை என்னும் கிராமி பரிசு கிடைத்தது. பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. டேவிட் போவி என்பார் பத்தாண்டு மௌனத்தின் பின் 2013-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஓர் இசைக்கோவையுடன் திரும்பினார். அவரது அடுத்த இசைக்கோவை 2016-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் தேதி, அவரது அறுபத்தொன்பதாம் பிறந்தநாளில், வெளியாயிற்று. 10-ஆம் தேதி அவர் புற்றுநோயால் இறந்தார். அவ்விரண்டு நாளிற் கேட்டவர்கள் புதிரான ஒரு புதுமையைக் கேட்டனர். மூன்றாம் நாள் முதற் கேட்டவர்கள் ஒரு விடைபெறுதலைக் கேட்டனர். ஆனால் போவி தம் நோயை அறிந்தே பாடினார் ஆதலின், பின்னவர் கேட்டதே உண்மைக்கு அணித்து. டிலனுடைய விஷயம் இதற்கு நேர்மாறானது. இவ்வேற்றுமையைக் கவனியாமல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிறுப்பது பிழையாகும்.

இனி, புகழாதவர் கூறியதனையும் கேட்போம். அவர்கள் கூறியதிற் சாரம் உண்டு. முதல் ஆட்சேபம் லான்வாவின் ஒலியமைப்பைப் பற்றியது. எதிரொலியும் புகைமூட்டமும் மிகுந்து, பாடுவோன் ஒரு குகையினுள் நின்று பாடுவது போலிருக்கின்றது; வாத்தியம் ஒவ்வொன்றும் தன்னுருவை இழந்து ஒன்றோடொன்று கரைந்துவிடுகின்றது; இது டிலனது மனநிலையன்று, தயாரிப்பாளரது சாயம் என்றனர் சிலர். வேறு சிலரோ, அப்புகைமூட்டமே இவ்விசைக்கோவையின் உயிர் என்றனர். இவ்வழக்கில் டிலன் தாமே ஒரு கட்சியைச் சேர்ந்துவிட்டார் என்பது வேடிக்கை. ஒலிப்பதிவு தாம் நினைத்தபடி அமையவில்லை என்று பிற்காலத்திற் பேட்டிகளில் அவர் தெரிவித்தார். 2001-இல் வெளியிட்ட அடுத்த இசைக்கோவைக்கு ‘ஜாக் ஃப்ராஸ்ட்’ என்னும் புனைபெயரோடு தாமே தயாரிப்பாளர் ஆனார். அதன் ஒலி தெளிந்த நீர்போன்றது. அதனையும் உலகம் பாராட்டிற்று. 2006-இல் வந்தது அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடமே பெற்றது. லான்வா இல்லாவிட்டால் டிலன் மீண்டிருக்கமாட்டார் என்றவர்க்கு அஃது ஒரு விடை. ஆயினும் வாயிற்கதவைத் திறந்துவிட்டவர் யார் என்னும் கேள்வி எஞ்சியே நிற்கின்றது.

இரண்டாம் ஆட்சேபம் சொற்களைப் பற்றியது. 1960-களிற் கற்பனை வெள்ளம்போற் சொற்களைப் பொழிந்தவர், இப்பொழுது பழைய புளூஸ் பாட்டுக்களின் பொதுமொழிகளையே எடுத்துக் கோத்து வைத்திருக்கிறார். எளிமை என்று புகழப்படுவது வறுமையே என்றனர். இவ்வாட்சேபத்தை நாம் ஏற்றுக்கொள்வதற்கில்லை. 1992-இலும் 1993-இலும் பழைய பாட்டுக்களைத் தனித்திருந்து பாடியது வீண்போகவில்லை என்பதற்கு இதுவே அடையாளம். பலர் வாயிற் பட்டுத் தேய்ந்த சொற்களுக்கு ஒரு தனிக்கனம் உண்டு. தேய்ந்த குரலுக்கு அவை பொருத்தமானவை. புதிய அணிகளைச் சுமக்கும் வலிமை அக்குரலில் இல்லை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

நீளத்தைப் பற்றியும் முணுமுணுத்தனர். இறுதிப் பாட்டாகிய ‘ஹைலண்ட்ஸ்’ பதினாறு நிமிஷத்துக்கு மேல் ஓடுகின்றது. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பாடிய மலைநாட்டை நினைவூட்டும் தலைப்பு. ஆனால் உள்ளே நடப்பது பாஸ்டன் நகரத்து ஓர் உணவுச்சாலையிற் பரிமாறும் பெண்ணோடு ஒருவன் நிகழ்த்தும் வீண்பேச்சு. இதற்குச் சுருக்கமான வடிவம் ஒன்று உண்டோ என்று பதிவின்போது கேட்கப்பட்டதாகவும், இதுவே சுருக்கமான வடிவம் என்று டிலன் விடையிறுத்ததாகவும் டிக்கின்சன் கூறியதுண்டு. முதன்முறை கேட்பவர்க்கு இப்பாட்டு அலுப்பூட்டும் என்பதை மறுக்க வேண்டுவதில்லை. ஆனால் துயரமே நிரம்பிய பத்துப் பாட்டுக்களின் பின், ஒருவன் நகைத்துக்கொண்டே வெளியேறுவது போன்று இஃது அமைந்திருத்தலைக் கவனியாதவர், முழுமையையும் ஒரு சாவோலை என்று கொள்வர். அவ்வாறு கொண்டோர் தொகை அதிகம்.

1998-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 25-ஆம் தேதி நியூயார்க் நகரில் கிராமி பரிசுகள் வழங்கப்பட்டன. ஆண்டின் சிறந்த இசைக்கோவைக்கான போட்டியில், மற்றொரு முதியோராகிய பால் மக்கார்ட்னியும், ‘ஓகே கம்ப்யூட்டர்’ வெளியிட்ட ரேடியோஹெட் என்னும் இளைஞர் குழுவும் இருந்தனர். பரிசு டிலனுக்குக் கிடைத்தது. தனியொருவராக அவர் பெற்ற முதல் ஆண்டுப் பரிசு அதுவே. 1973-இல், ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிஸனும் பங்குகொண்ட வங்காளதேசத்து நிதிக் கச்சேரியின் பதிவுக்குக் கிடைத்த பரிசில் அவரும் ஒரு பங்காளியாக இருந்ததுண்டு. பரிசேற்றுப் பேசும்போது, பதினாறு பதினேழு வயதில் டுலூத் நகரத்து ஆயுதச்சாலை மண்டபத்தில் பட்டி ஹாலி என்னும் பாடகரைச் சில அடி தூரத்தில் நின்று கேட்டதை அவர் நினைவுகூர்ந்தார். அக்கச்சேரி 1959-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி நிகழ்ந்தது; மூன்றாம் நாள் அப்பாடகர் விமான விபத்தில் மாண்டார். இளமையிலேயே இறந்தமையால் முதுமையடையும் சங்கடத்துக்கு உள்ளாகாதவர் அவர். அதே இரவில் டிலனின் மகன் ஜேக்கப்பின் ‘வால்ஃப்ளவர்ஸ்’ குழுவுக்கும் பரிசுகள் கிடைத்தன. அக்காலத்து வாலிபருட் பலருக்கு ஜேக்கப் டிலனைத்தான் தெரியும். பாப் டிலன் அவருடைய தந்தை. அவ்வாலிபர் அந்த இசைக்கோவையைக் கேட்டது பழைய கீர்த்தியின் சுமையின்றி. அவர்களுடைய அபிப்பிராயத்தை ஒருவரும் தனியே கேட்டு எழுதி வைக்காதது வருந்தத்தக்கது.

சில ஆண்டுகளில் இப்பாட்டுக்கள் புனிதப்பொருள் போலாயின. ஆகவே, 2004-இல் மாதர் உள்ளாடை விற்கும் ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தில் ‘லவ் சிக்’ ஒலிக்க, டிலன் தாமே அதில் தோன்றியபோது, அன்பர்கள் திகைத்தனர். மரணத்தின் தூதர் என்று தாம் கொண்டவர் இவ்வேலைக்குப் போகலாமோ என்றனர். அவர் தம்மைத் தூதர் என்று ஒருகாலும் கூறிக்கொண்டாரல்லர் என்பதை அப்பொழுதும் எண்ணினாரல்லர்.

2008-இல் அன்று விடப்பட்ட பாட்டுக்களும் மாற்றுப் பதிவுகளும் வெளியாயின. ‘ரெட் ரிவர் ஷோர்’ என்னும் பாட்டைக் கேட்டவர்கள், இதை விட்டுவிட்டு வேறு சிலவற்றை வைத்துக்கொண்டது எவ்வாறு என்று கேட்கத் தொடங்கினர், அக்கேள்வி நியாயமானது. 2023-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் தேதி ‘ஃபிராக்மெண்ட்ஸ்’ என்னும் பெயரால் ஒரு பெருந்தொகுப்பு வந்தது. அதில், பழைய பதிவின் தனித்தனி இழைகளைப் பிரித்தெடுத்து, மைக்கேல் பிரவர் என்பார் புதிதாகக் கலந்து அமைத்த வடிவமும் இடம்பெற்றது. எதிரொலி குறைந்தது, வாத்தியங்கள் தத்தம் இடத்தில் நின்றன, குரல் கேட்போர் அருகே வந்தது. இருபத்தைந்து ஆண்டாக நிகழ்ந்த வழக்குக்கு இது நல்ல பரீட்சை. ஒரே பாட்டு, ஒரே குரல், ஒரே நாளிற் பாடியது. சாயம் மட்டும் வேறு.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்போர்க்கு நேர்வது யாது? எமது செவிக்குத் தோன்றுவதைக் கூறுகின்றோம், மறுப்பார் மறுக்கலாம். ‘லவ் சிக்’ புதிய கலவையில் நட்டமடைந்தது. இருட்டில் நடப்பவன் பாட்டு அது, விளக்கேற்றினால் அவன் சாதாரண மனிதனாகிவிடுகின்றான். ‘ஸ்டாண்டிங் இன் தி டோர்வே’ ஆதாயமடைந்தது. மூச்சு வாங்கும் இடங்களும் தெரிகின்றன. ‘நாட் டார்க் யெட்’ இரண்டிலும் ஒன்றே. எந்தச் சாயத்தாலும் அதனைக் கூட்டவோ குறைக்கவோ இயலவில்லை. லான்வாவைப் பழித்தவரும் புகழ்ந்தவரும் இப்பாட்டின்மட்டில் ஒரே அளவு பிழைபட்டனர் போலும்.

விமரிசகர் மிகவும் இகழ்ந்த பாட்டைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். ‘மேக் யூ ஃபீல் மை லவ்’ என்பது, மற்றைப் பாட்டுக்களின் இருளோடு சேராத எளிய காதற்பாட்டு; இக்கோவையில் இதற்கு இடமில்லை, இது கடைத்தெருச் சரக்கு என்று 1997-இற் பலர் எழுதினர். பில்லி ஜோயல் டிலனுக்குச் சில வாரம் முன்னரே அதனைப் பாடி வெளியிட்டிருந்தார். 1998-இல் கார்த் புரூக்ஸ் பாடியது கன்ட்ரி இசை வரிசையில் முதலிடம் பெற்றது. 2008-இல் அடெல் என்னும் இருபது வயது ஆங்கிலப் பெண் பியானோவோடு அதனைப் பாடினாள். திருமண வீடுகளிலும் ஈமச்சடங்குகளிலும் இன்று அது ஒலிக்கின்றது. அப்பெண்ணின் வாயிலாகவே அப்பாட்டை முதலிற் கேட்ட வாலிபர், பின்னர் எங்கோ தற்செயலாக 1997-ஆம் ஆண்டுப் பதிவைக் கேட்க நேர்ந்தால், அடெலின் பாட்டை இந்தக் கரகரத்த கிழவர் ஏன் பாடுகிறார் என்று வினவுவதுண்டு.